கணக்கில் எழுதாத கூடை

தம்பி லிங்கம்,

ஒரே கூரையின் கீழ் இருக்கிறவருக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுவது சரியில்லைதான். மன்னித்துக்கொள். நீ பெட்டி வாங்க ஹற்றனுக்குப் போயிருக்கிறாய். ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிடுவாய். வந்ததும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் வாயால் சொல்லலாம். பத்து வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் உன் எதிரே உட்கார்ந்ததும், சோறு போடட்டுமா, சட்டையைத் துவைக்கப் போட்டாயா என்பதோடு என் பேச்சு நின்றுவிடுகிறது. நாற்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் நாள் முழுவதும் கத்துகிறவளுக்கு வீட்டில் குரல் வராது என்றால் வெளியார் நம்பமாட்டார்கள். நீ நம்புவாய். வெளியே காலையிலிருந்து மழை. உன் அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இரவு வேலை முடித்து வந்து தூங்குகிறார். இதை எழுதி முடித்து, உன் புதுப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். வட்டகொடைக்குப் போய்ச் சேர்ந்தபின் உன் கையில் அகப்படட்டும்.

நாளை காலை றொசல்லவில் ரயில் ஏறப்போகிறாய். நாளை மறுநாள் ஒரு வகுப்பு உன்னை 'சார்' என்று எழுந்து நின்று கும்பிடும். மாதக் கடைசியில் விடைத்தாள்களும் சிவப்புப் பென்சிலும் உன் மேசைக்கு வரும். அதற்கு முன்பு, என் சிவப்புப் பென்சிலால் நான் உனக்குச் செய்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பாதி உனக்குத் தெரியும். மற்றப் பாதியை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. இதைப் படித்தபிறகு நீ இந்த வீட்டுக்கு வராமலே இருந்துவிடலாம். அந்தப் பயத்தால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது பயம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மூடிக்கொண்டிருந்து களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, உனக்கு ஒன்பது. உன் அம்மா தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் பட்டிப்பொலப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவரின் மகள். தோட்டத்தில் பிறந்தேன், ஆனால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் வளரவில்லை. குசினிக்குப் பின்னால் இருந்த அறையில் வளர்ந்தேன். எனக்குத் தெரிந்த தேயிலை, கோப்பையில் இருந்த தேயிலைதான். கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறியதில்லை. என் அம்மாவும் ஏறியதில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நான் சொல்வது புரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்த பெண் என்று இந்தத் தோட்டத்துப் பாடசாலையில் வேலை கொடுத்தார்கள். அடுத்த மாதமே உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். பாடசாலையில் நீ என்னை 'டீச்சர்' என்றாய், வீட்டில் 'சின்னம்மா' என்றாய். இரண்டையும் நீ ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு கவனம் இருக்கக்கூடாது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

வசனக் கணக்கு என்றால் நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். எண்களை மட்டும் எழுதிப்போட்டால் கூட்டிவிடுவார்கள், பெருக்கிவிடுவார்கள். அதையே நான்கு வரியில் கதையாகக் கேட்டால் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு நான் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன். 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி, 'ஒவ்வொருவருக்கும்' என்று வந்தால் வகு. பிள்ளைகளும் கேள்வியை வாசிப்பதை விட்டுவிட்டு, இந்த மூன்று சொற்களில் எது இருக்கிறது என்று தேடப் பழகிவிட்டார்கள். விடைகள் சரியாக வந்தன. பெரிய வாத்தியார் என்னைப் பாராட்டினார். பாடப்புத்தகத்தில் மாம்பழமும் குதிரை வண்டியுமாக இருந்ததால், நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததை வைத்து நானே கணக்குகளும் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடம்தான் ஹற்றனில் ஒரு பெரிய பாடசாலையில் நம் தோட்டத்துக்கு ஓர் இடம் தந்தார்கள். விடுதியும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் அதிகப் புள்ளி வாங்குகிற ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்த இடம். தாள் எழுதுவதும் திருத்துவதும் என் பொறுப்பு. அந்த இடம் உனக்குத்தான் என்று லயத்தில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். அப்பா உனக்குச் சப்பாத்து வாங்க அளவு எடுத்து வைத்திருந்தார், அந்தத் துண்டுக் கயிறு உனக்கு நினைவிருக்கும்.

ஏழாவது கேள்வியை அப்படியே எழுதுகிறேன். எனக்கு அது மறக்காது. "ஒரு பெண் கொடுத்த கொழுந்து காலை நிறுவையில் 18 இறாத்தலும், பகல் நிறுவையில் 14 இறாத்தலும், மாலை நிறுவையில் 12 இறாத்தலும் இருந்தது. அன்று அவள் பேரில் விழுந்த கொழுந்து மொத்தம் எத்தனை இறாத்தல்?" மொத்தம் என்று வந்துவிட்டது. கூட்டினால் நாற்பத்து நான்கு. வகுப்பில் எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். நீ 18 + 14 + 12 − 3 × 2 என்று எழுதி, கீழே 38 என்று போட்டிருந்தாய். நான் அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன். ஐந்து புள்ளி போயிற்று. உனக்கு அறுபத்தொன்பது, பாக்கியத்துக்கு எழுபத்தொன்று.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் நடந்ததும் உனக்குத் தெரியும். உன்னை எழுப்பி நிறுத்தினேன். "கேள்வியில் இல்லாத கழித்தல் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"அது கூடைக்குங்க டீச்சர்" என்றாய்.

"கணக்கில் கூடை எங்கே இருக்கு? காட்டு, பார்ப்போம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "கூடைய வீட்ல வச்சிட்டு வந்துட்டான் டீச்சர்" என்றான். நானும் சிரித்தேன், லிங்கம். நீ தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உட்கார்ந்துவிட்டாய். நாற்காலியில் இருந்து எழுந்து உன்னிடம் வந்து, கூடைக்கு எதற்கு இரண்டு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. இதுவரை உனக்குத் தெரிந்த பாதி.

அன்று பிற்பகல் பாடசாலை விட்டதும் உடனே வீட்டுக்கு வர மனம் வரவில்லை. நீ வீட்டில் இருப்பாய். அதனால் சுற்றுப்பாதையில் நடந்தேன். அந்தப் பாதையில்தான் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கிறது. இரண்டு வருடமாக அதைத் தூரத்திலிருந்து பார்த்ததுண்டு, பக்கத்தில் போனதில்லை. பெண்கள் வரிசையாக நின்றார்கள். தராசில் கூடையை மாட்டியதும் முள் பதினாறில் நின்றது. கணக்கப்பிள்ளை "பதினாலு" என்று கூவினார். என் கண்தான் தவறு என்று நினைத்தேன். அடுத்த கூடைக்கு முள் இருபதில் நின்றது. "பதினெட்டு." வரிசையில், லயத்தில் நமக்கு அடுத்த காம்பிராவில் குடியிருக்கும் ராக்கம்மா நின்றாள். என்னைக் கண்டதும், "என்னங்க டீச்சரு, நீங்களும் நிறுக்க வந்துட்டீங்களா? கூடையக் காணோமே" என்றாள்.

அவள் முறை வந்தது. "ஏங்கய்யா, இந்த ரெண்டு ராத்தலு தண்ணிக்கா, கூடைக்கா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டாள்.

"தண்ணிக்கு."

"நாலு நாளா வெயிலு காயுதுங்களே."

"அப்ப கூடைக்குன்னு வச்சிக்க. நகரு, நகரு."

"கூடை எனக்கு அம்புட்டு கனமா இருந்தா நான் மலையேற மாட்டேன், சாமி."

பெண்கள் சிரித்தார்கள். தினமும் சொல்லிச் சிரித்துத் தேய்ந்த சிரிப்பு அது. ராக்கம்மா என் பக்கத்தில் வந்து கூடையை இறக்கினாள். "காலையில ரெண்டு, பகல்ல ரெண்டு, அந்திக்கு ரெண்டு. போவட்டும். ஒங்க மவனக் கேட்டா எல்லாம் சொல்லுவான். சின்னதுல இந்தத் தூணுகிட்டதான் நிப்பான், அவங்க ஆத்தா நிறுத்துட்டு வர்ற வரைக்கும். கணக்கப்புள்ள வாயத் தொறக்கறதுக்கு முந்தி இவன் கழிச்சுச் சொல்லிப்புடுவான். ஒருநாளும் தப்பினதில்லீங்க" என்றாள்.

நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய் என்று எனக்கு அன்றே தெரியும். நான் உனக்கு மறைத்த பாதி இதுதான். பத்து வருடம் கழித்துப் புரிந்துகொண்டவள் அல்ல நான். தாளைத் திருப்பிக் கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. 'அவள் பேரில் விழுந்த கொழுந்து', அதாவது அவள் பேரில் பதிவான கொழுந்து, என்று எழுதியவள் நான். அதற்கு விடை முப்பத்தெட்டுதான். வகுப்பிலேயே நீ ஒருவன்தான் கேள்வியை வாசித்திருந்தாய். பாக்கியத்தின் அம்மாவும் கொழுந்து பறிப்பவள்தான், அவளுக்கும் கூடை தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் டீச்சர் எதை எதிர்பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உனக்கோ, அந்தக் கேள்வியில் நிற்கிற பெண் யார் என்று தெரிந்திருந்தது.

புள்ளிப் பட்டியல் ஹற்றனுக்குப் போக இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே உன் தாளை எடுத்துக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனேன். வழி நெடுக, என்ன சொல்ல வேண்டும் என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க டீச்சர். ஒங்களப் பத்திதான் நேத்து தோட்டத்துச் சங்கத் தலைவர் பேசிட்டுப் போனாரு. சொந்த வீட்டுப் புள்ளைக்கே பிழை போட்டிருக்காங்க, இப்படி ஒரு நேர்மைய நான் பாத்ததில்லேன்னு. நாலு எடத்துல சொல்லுவாரு, பாருங்க" என்றார். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்து, "அது என்ன?" என்றார்.

"கூட்டுத்தொகையை இன்னொரு தரம் சரிபார்க்க வந்தேங்க ஐயா" என்றேன்.

"சரியா இருக்குங்களா?"

"சரியா இருக்குங்க."

நடந்தது அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. மாற்றாந்தாய் என்றாலே ஒருவிதமாகப் பார்க்கிற ஊரில், முதல் முறையாக ஒருவர் என்னை நல்லவள் என்றார். அதை விட மனம் வரவில்லை. இப்போது திருத்தினால், வீட்டுக்குப் போனதும் மனம் மாறிவிட்டது, புருஷன் சொல்லியிருப்பான் என்று பேசுவார்களே என்று கூச்சப்பட்டேன். கூச்சம் என்று மென்மையாக எழுதிவிட்டேன். அது கோழைத்தனம். என் பெயரைக் காப்பாற்ற உன் ஐந்து புள்ளியைக் கொடுத்துவிட்டேன்.

பாக்கியம் ஹற்றனுக்குப் போனாள். இன்று கண்டியில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். போன வருடம் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைத்திருக்கக்கூடாது என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு பிழையால் ஒரு பிள்ளைக்கு நல்லது நடந்திருந்தால், அந்தப் பிழையை எப்படிக் கழிப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. நீ பன்னிரண்டு வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து புல்லு வெட்டப் போனாய். காலையில் அட்டை கடிக்காமல் இருக்க உப்புத் தடவிய கால்களோடு நீ ஒரு பக்கம் இறங்குவாய், நான் மறுபக்கம் பாடசாலைக்கு ஏறுவேன். இரண்டு வருடம். பிறகு யாரிடமும் கேட்காமல் நீயே ஹற்றனுக்குப் போய், அந்தப் பாடசாலைத் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசி, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் உட்கார்ந்தாய். "சேத்துக்கிட்டாங்க" என்று வந்து அப்பாவிடம்தான் சொன்னாய். நான் அடுப்படியில் இருந்தேன்.

அதன் பிறகு நான் பாடம் நடத்துவது மாறிவிட்டது. நான் சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களையும் பிள்ளைகளை மறக்கச் சொன்னேன். கேள்வியை ஒரு தரம் வாசித்தபின் புத்தகத்தை மூடச் சொல்வேன். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் எண்ணும் குறியும். தெரியாததற்கு ஒரு வெற்றுக் கட்டம் போட்டுவைக்கச் சொல்வேன். இதில் நேரம் போகும், பாடத்திட்டம் முடியாது, மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். ஒருநாள், பீலியில் ஒரு குடம் நிரம்ப இரண்டு நிமிடம் என்றால் பதினைந்து குடத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். ஒரு சின்னப்பெண் எழுந்து, "சண்ட போடற நேரத்தையும் சேக்கணுமாங்க டீச்சர்?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் சண்டை நடக்கும்?" என்று கேட்டேன். அவள் யோசித்து, "எங்க அத்தை வந்தா இன்னும் கூடுதலா ஆவுங்க" என்றாள். அன்று அவளுக்கு இரண்டு விடையும் எழுதச் சொன்னேன். சண்டை இல்லாமல் ஒன்று, அத்தையோடு ஒன்று. நீயும் இப்படியே செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை ஒன்று, கேள்வியில் இல்லாத எண்ணைக் கொண்டுவந்தால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எங்கேயிருந்து கொண்டுவந்தாய் என்று கேள். நான் கேட்டது போலக் கேட்காதே. தெரியாதவர் கேட்பது போலக் கேள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பிழை என்று தெரிந்த அன்றே திருத்திவிடு. மறுநாள் யாராவது உன்னைப் பாராட்டிவிடுவார்கள், பிறகு முடியாது.

நான் பட்டப் படிப்புக்குத் தபாலில் பாடம் வரவழைத்துப் படித்த வருடங்களில் நீயும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து படித்தோம். உனக்கு அட்சரகணிதம், எனக்கு வரலாறு. நீ ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு நகத்தைக் கடிப்பது எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும். நீ கேட்கவில்லை. பத்து வருடத்தில் ஒரு கணக்குக்கூட நீ என்னைக் கேட்டதில்லை. கொழும்பில் பரீட்சை எழுதி, நான் தேறிவிட்டேன் என்று கடிதம் வந்த அன்று, தோட்டமே வந்து வாசலில் நின்றது. நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றார்கள். நீ "சந்தோசம் சின்னம்மா" என்றாய். உண்மையாகத்தான் சொன்னாய். எனக்கோ, அந்த அறுபத்தொன்பதைத் தாண்டி எதற்கும் சந்தோசப்பட முடியவில்லை.

அடுப்புக்கு மேலே பரணில் உன் அம்மாவின் கூடை இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை. நானும் ஒரே ஒரு தரம்தான் தொட்டேன். மூன்று வருடத்துக்கு முன்பு நீங்கள் இருவரும் இல்லாத ஒரு பகலில் அதை இறக்கி, கடைக்குக் கொண்டுபோய், கடைக்கார நானா முன்னால் தராசில் வைத்தேன். "வெறுங்கூடைய எதுக்கு டீச்சர் நிறுக்கிறீங்க?" என்றார். ஒன்றேகால் இறாத்தல் இருந்தது. அதை அப்படியே கொண்டுவந்து பரணில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு நிறுவையிலும் அவள் பறித்ததில் முக்கால் இறாத்தல் கணக்கில் வராமலே போயிருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

போன மாதம் நியமனப் படிவத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாய். நீயாக என்னிடம் நீட்டிய முதல் தாள் அது. தாயின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதியிருந்தாய். அவளுடைய வீட்டில் பன்னிரண்டு வருடம் சமைத்திருக்கிறேன், அவளுடைய மகனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், அவள் பெயரை எழுத்தில் பார்த்தது அன்றுதான். அவளைப் பற்றி உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் உனக்கு வலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்டால் எனக்கு இந்த வீட்டில் இடம் குறைந்துவிடும் என்று பயந்தேன்.

மழை விட்டுவிட்டது. பஸ் வருகிற நேரம். கோபம் வந்தால் வைத்துக்கொள், அது உனக்கு உரியது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்க வந்தது வேறு, இவ்வளவு நேரம் அதைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். தீபாவளிக்கு லீவு தருவார்கள். வருகிறதாக இருந்தால், கூடையை இறக்கித் துடைத்து வைத்திருப்பேன். உன் அம்மாவைப் பற்றி எனக்குச் சொல், லிங்கம். அந்தத் தூணடியில் நின்று நீ கழித்துச் சொன்னதும், அவள் உன்னைப் பார்த்து என்ன சொல்வாள்? அங்கிருந்து ஆரம்பி.

சின்னம்மா